குட்டி ஈன்ற நாய்க்கு வரும் இசிவும் பிற நோய்களும்

காவல் நாய் இல்லாத தோட்டத்து வீட்டைக் காண்பது அரிது. ஆட்டுப் பட்டிக்கும், களத்தில் குவித்த தானியத்திற்கும், இரவில் நீர் பாய்ச்சப் போகும் உழவருக்கும் நாயே துணை. இருந்தும், மாடு கன்று ஈன்றால் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாய் குட்டி ஈன்றால் நாம் காட்டுவதில்லை. வைக்கோற்போரின் அடியிலோ மாட்டுக் கொட்டகையின் மூலையிலோ அது தானே இடம் தேடிக் குட்டி போடும், தானே நக்கித் துடைக்கும், தானே பால் கொடுக்கும் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அப்படியே எல்லாம் நல்லபடியாக நடந்தும் விடுகிறது. நடக்காமற்போகும் சமயங்களில் தாயோடு சேர்ந்து குட்டிகளும் மடிகின்றன.

குட்டி ஈன்ற நாய்க்கு வரும் நோய்களுள் முக்கியமானவை மூன்று. சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் இசிவு நோய், மடிநோய், கருப்பை அழற்சி என்பன அவை. இவற்றுள் இசிவு நோயைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், தக்க சமயத்தில் மருத்துவம் செய்தால் ஓரிரு மணி நேரத்தில் குணமாகிவிடும் இந்நோயை வெறிநோய் என்று தவறாக எண்ணி, நாயை அடித்துக் கொன்றுவிடுவதும், பயந்து கட்டிப்போட்டுச் சாகவிடுவதும் கிராமங்களில் நடக்கின்றன. வெறிநோய்க்கு அஞ்சுவது சரியே. ஆனால், குட்டிகளுக்குப் பால் கொடுத்துக் கொண்டிருக்கும் நாய் திடீரென்று நடுங்கி விழுந்தால், முதலில் நினைவுக்கு வர வேண்டியது வேறொரு காரணமாகும்.

இசிவு நோய் ஏன் வருகிறது?

மாட்டுக்கு வரும் பால் காய்ச்சலை அறிந்த உழவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. மடியில் பால் சுரக்கச் சுரக்க, இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து பாலுடன் வெளியேறுகிறது. தீவனத்திலிருந்தும் எலும்பிலிருந்தும் அதே வேகத்தில் ஈடு செய்ய உடலால் முடியாதபோது இரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள நாயின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 9 முதல் 11 மில்லி கிராம் வரை கால்சியம் இருக்கும். இது 7 மில்லி கிராமுக்கும் கீழே இறங்கும்போது நோய்க்குறிகள் தோன்றுகின்றன.

நாய்ப்பால் பசும்பாலைப் போல நீர்த்ததன்று. அதில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உண்டு. சுண்ணாம்புச் சத்தும் அதிகம். ஆறு, ஏழு குட்டிகள் இரவும் பகலும் மாறி மாறிக் குடிக்கும்போது தாயின் உடலிலிருந்து எவ்வளவு வெளியேறும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால், மாட்டின் நோயும் நாயின் நோயும் பார்வைக்கு நேர் எதிரானவை. பால் காய்ச்சல் பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் வரும். மாடு சோர்ந்து படுத்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கொள்ளும். காதும் காலும் சில்லிட்டிருக்கும். நாய்க்கோ குட்டி ஈன்ற இரண்டாவது, மூன்றாவது வாரங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. நான்காவது வாரம் வரையிலும் எதிர்பார்க்கலாம். சிறுபான்மையாகச் சினையின் கடைசி நாட்களிலும் வருவதுண்டு. நாயின் உடல் சில்லிடுவதற்கு மாறாகக் கொதிக்கிறது. தசைகள் தளர்வதற்கு மாறாக விறைக்கின்றன. மாட்டின் உடலில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் நரம்பிலிருந்து தசைக்குத் தூண்டுதல் போவது தடைபடுகிறது. நாயின் உடலில் அந்தத் தடை ஏற்படாமல் நரம்புகள் கட்டுக்கடங்காமல் தூண்டப்படுகின்றன. பெயரைக் கேட்டு ஒன்றென்று எண்ணி, ‘பால் காய்ச்சல் என்றால் மாடு படுத்துவிடுமே, இது துடிக்கிறதே’ என்று குழம்ப வேண்டாம்.

எந்த நாய்க்கு அதிகம் வரும்?

சிறிய உடலும் அதிகக் குட்டிகளும் கொண்ட நாய்க்கே இந்நோய் மிகுதியாக வருகிறது. வீடுகளில் வளர்க்கும் பொமரேனியன், ஸ்பிட்ஸ் போன்ற சடை நாய்களிடமும், அவற்றின் கலப்பினங்களிடமும் அடிக்கடி காணலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற பெரிய நாய்களுக்கு வருவது குறைவு. ஆனால், வராது என்று சொல்வதற்கில்லை. சோற்றுக் கஞ்சியை மட்டுமே உண்டு எட்டுக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் எந்த நாயும் இந்த ஆபத்துக்கு உட்பட்டதே. ஒரு ஈற்றில் இந்நோய் கண்ட நாய்க்கு அடுத்த ஈற்றிலும் வர வாய்ப்பு அதிகம். அதனால், ‘போன தடவையும் இப்படித்தான் இழுத்தது’ என்ற செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

நோய்க்குறிகள்

நோய் தொடங்கும்போது நாய் ஓரிடத்தில் நில்லாது. குட்டிகளை விட்டு எழுந்து போகும், திரும்பி வரும், மறுபடியும் எழும். வெயில் இல்லாத நேரத்திலும் நாக்கை நீட்டி வேகமாக மூச்சிரைக்கும். முனகும். முகத்தைக் காலால் தேய்க்கும், சுவரில் உரசும். பிறகு நடை மாறுகிறது. கால்களை மடக்காமல், கட்டையின் மேல் நடப்பதைப்போல விறைப்பாக நடக்கும். தள்ளாடும். தசைகள் துள்ளுவதைத் தோலின் மேலிருந்தே பார்க்கலாம். இந்த நிலையிலேயே கண்டுகொள்ளும் உழவர் கெட்டிக்காரர்.

அடுத்து நாய் பக்கவாட்டில் விழுந்து நான்கு கால்களையும் நீட்டி விறைத்துக் கொள்ளும். வாயிலிருந்து எச்சில் ஒழுகும். உடல் முழுதும் உதறும். உடல் வெப்பம் 105 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேலேயும் ஏறிவிடும். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி வரை என்பதை நினைவிற் கொள்க. முதற்குறி தோன்றியது முதல் விழுவது வரை சில மணி நேரமே ஆகலாம். வைத்தியம் செய்யாவிட்டால் மிகுந்த வெப்பத்தாலும், மூச்சும் இதயமும் தளர்வதாலும் நாய் இறந்துவிடும்.

வெறிநோயிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

எச்சில் ஒழுகுவதும், தடுமாறுவதும், அமைதியற்று அலைவதும் வெறிநோயிலும் உண்டு. குழப்பத்திற்குக் காரணம் இதுவே. சில வேறுபாடுகளைக் கவனிக்கலாம்.

இசிவு நோய் ஒரே நாளில், பல சமயம் ஒரே பொழுதில் முற்றுகிறது. நேற்று வரை நன்றாகத் தின்று, பால் கொடுத்துக் கொண்டிருந்த நாய்தான் இன்று விழுகிறது. கூப்பிட்டால் வளர்த்தவரை அடையாளம் கண்டு பார்க்கும். பெரும்பாலும் கடிக்க வராது. மடியில் பால் நிறைந்திருக்கும். வெறிநோயில் முதலில் நாயின் குணம் மாறும். வீட்டாரையே முறைக்கும், அல்லது இருட்டான மூலையில் போய் ஒடுங்கும். மண், குச்சி, துணி என்று தின்னத் தகாதவற்றைக் கவ்வும். குரைக்கும் குரல் மாறிவிடும். கீழ்த்தாடை தொங்கி, விழுங்க முடியாமல் எச்சில் வடியும். இவை நாட்கணக்கில் வளர்ந்து, குறி தோன்றிய பத்து நாட்களுக்குள் நாய் இறந்துவிடும்.

இவ்வளவு சொன்னாலும், நேரில் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவரே. பால் கொடுக்கும் நாய்க்கு வெறிநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. தடுப்பூசி போடாத நாயாகவோ, அண்மை மாதங்களில் வேறு நாயிடம் கடிபட்ட நாயாகவோ இருந்தால், கையால் தொடாமல், குட்டிகளையும் சிறுவர்களையும் விலக்கிவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். இசிவு கண்ட நாயும் நிலை தெரியாமல் கவ்வக்கூடும். ஆகையால், எந்த நாயாயினும் வாய்க்குள் கை விடக்கூடாது. பல் பட்டுவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ சென்று தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும். வீட்டு நாய்தானே என்று தள்ளிப்போடக் கூடாது.

தோட்டத்தில் இன்னொரு ஐயமும் எழும். பயிருக்குத் தெளித்த பூச்சிக்கொல்லி நாயின் வயிற்றுக்குள் போனாலும் நடுக்கமும் எச்சிலும் உண்டாகும். அப்போது பெரும்பாலும் வாந்தியும் கழிச்சலும் சேர்ந்திருக்கும். கண்ணின் பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும். அண்மையில் மருந்து தெளித்திருந்தாலோ, எலி மருந்து வைத்திருந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

உடனே செய்ய வேண்டியவை

முதல் வேலை குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிப்பதாகும். ஒவ்வொரு வாய்ப் பாலும் தாயின் இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குறைத்துக் கொண்டே போகிறது. அடுத்து, நாயை நிழலான, காற்றோட்டமான, அமைதியான இடத்தில் கிடத்துங்கள். கூட்டம் கூடிக் கூச்சலிடுவது இசிவை மேலும் தூண்டும். உடல் கொதித்தால் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் வயிற்றையும் தொடை இடுக்கையும் உள்ளங்கால்களையும் துடைத்து விசிறலாம். பனிக்கட்டி நீரை ஊற்ற வேண்டாம். வெப்பம் 103 டிகிரிக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பிறகு நேரம் கடத்தாமல் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு போக வேண்டும்.

செய்யக்கூடாதவையும் சில உண்டு. இசிவில் இருக்கும் நாயின் வாயில் பால், மோர், எண்ணெய், கஷாயம் எதையும் ஊற்றக் கூடாது. விழுங்க இயலாத நிலையில் அது மூச்சுக் குழாய்க்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். சூடு போடுவதும், காதில் கீறி இரத்தம் எடுப்பதும், மிளகாய்ப் புகை காட்டுவதும் வதையே தவிர வைத்தியமன்று. மூச்சிரைக்கும் நாயின் வாயை இறுக்கிக் கட்டினால் உடல் வெப்பம் வெளியேற வழியின்றி மேலும் ஏறும்.

இன்னொன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வாங்கி மீதமுள்ள கால்சியம் மருந்துப் புட்டி வீட்டிலிருந்தால், அதை நாய்க்கு ஏற்றும் எண்ணமே வேண்டாம். கால்சியத்தை இரத்தக் குழாயில் விரைவாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். தோலுக்கடியில் தவறாகச் செலுத்தினால் அந்த இடம் அழுகி உதிரும். மருத்துவர் நாயின் எடையைக் கணித்து, கால்சியம் குளுக்கோனேட்டை இரத்தக் குழாயில் மிக மெதுவாக, சொட்டுச் சொட்டாக, இதயத் துடிப்பைக் கேட்டுக் கொண்டே செலுத்துவார். துடிப்பு தடுமாறினால் நிறுத்திவிட்டு, சீரானபின் தொடருவார். சில நிமிடங்களிலேயே விறைத்த கால்கள் தளர்வதைக் கண்ணால் காணலாம். நடுக்கம் நின்றவுடன் காய்ச்சலும் தானே இறங்கும். தூக்கிக் கொண்டு வந்த நாய் பல சமயம் தானே நடந்து வீடு திரும்பும். கால்நடை வைத்தியத்தில் ஒரே மருந்தால் இப்படிக் கண்ணெதிரே பலன் தெரியும் நோய்கள் மிகச் சிலவே.

அத்துடன் முடிந்துவிட்டதென்று எண்ணக் கூடாது. குட்டிகளை மறுபடியும் விட்டால் அன்றிரவே திரும்பவும் இசிவு வரலாம். குறைந்தது 12 மணி முதல் 24 மணி நேரம் வரை குட்டிகளைப் பிரித்து வைக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தரும் கால்சியம், வைட்டமின் டி மருந்துகளைச் சொன்ன நாட்கள் வரை கொடுக்க வேண்டும். மூன்று வாரத்திற்கு மேற்பட்ட குட்டிகளாயின் அப்போதே பாலை மறக்கடித்து வேறு உணவுக்குப் பழக்குவது நல்லது. இரண்டாம் முறையும் இசிவு வந்தால், வயது எதுவாயினும் குட்டிகளைத் தாயிடம் விடக் கூடாது.

பிரித்த குட்டிகளுக்கு உணவு

நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால் மாவு கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காத இடத்தில், ஒரு டம்ளர் காய்ச்சிய பசும்பாலில் ஒரு முட்டையின் மஞ்சள் கருவை நன்றாக அடித்துக் கலந்து, வெதுவெதுப்பாக ஒன்றிரண்டு நாட்களுக்குக் கொடுத்துச் சமாளிக்கலாம். தண்ணீர் கலக்க வேண்டாம். பசும்பாலே குட்டிக்கு நீர்த்த உணவுதான். இரண்டு வாரத்திற்கு உட்பட்ட குட்டிக்கு மூன்று அல்லது நான்கு மணிக்கு ஒருமுறை, சிறு புட்டியாலோ ஊசி இல்லாத மருந்துக் குழலாலோ கொடுக்கலாம். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. தாயிடம் குடிப்பதைப்போலக் குப்புற வைத்துக் கொடுக்க வேண்டும். இல்லையேல் புரையேறும். இவ்வயதுக் குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கித் தூண்டுவதாலேயே கழிக்கிறது. ஆகவே, ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் ஈரத் துணியால் அடிவயிற்றையும் ஆசனவாயையும் மெல்லத் தடவிவிட வேண்டும். குளிர் தாக்காமல் சாக்கும் வைக்கோலும் போட்டுப் பெட்டியில் வைப்பது அவசியம்.

வருமுன் காக்கும் உணவு முறை

சினையாயிருக்கும்போதே சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் டானிக்கும் தாராளமாகக் கொடுத்தால் இந்நோய் வராது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. சினைக்காலத்தில் தேவைக்கு மேல் கொடுத்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தரும் சுரப்பி சோம்பிவிடுகிறது. குட்டி ஈன்று, திடீரென்று தேவை மிகும்போது அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆகவே சினையில் சமச்சீரான நல்ல உணவு போதும். கால்சியம் மருந்தை, வேண்டுமானால், குட்டி ஈன்ற பிறகே கொடுக்க வேண்டும்.

நம் வீட்டு நாயின் உணவு எப்படி இருக்கிறது? மிஞ்சிய சோறு, வடித்த கஞ்சி, எப்போதாவது குழம்பு. 100 கிராம் அரிசியில் சுமார் 10 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்துத்தான் உண்டு. அதே எடைக் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் இருக்கிறது. எனவே, பால் கொடுக்கும் நாய்க்குச் சோற்றுடன் கேழ்வரகுக் களியோ கூழோ சேர்ப்பது செலவில்லாத நல்ல வழி. எலும்பில்லாத கறியை மட்டும் போட்டால் சத்து கிடைத்துவிடும் என்பதும் தவறு. கறியில் புரதம் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. முள்ளோடு தின்னக்கூடிய நெத்திலி போன்ற சிறு மீன்கள் மிக நல்லவை. கருவாடாயின் இரண்டு மூன்று நீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிப் பிறகு வேகவைக்க வேண்டும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். அதைப் போடாதீர்கள்.

முட்டை ஓட்டைக் குப்பையில் எறிய வேண்டாம். நன்றாகக் கழுவி, கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, வெயிலில் காயவைத்து, அம்மியிலோ மிக்சியிலோ மாவாக அரைத்து வைத்துக் கொள்ளுங்கள். சுமார் 5 கிராம் எடையுள்ள ஒரு தேக்கரண்டித் தூளில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி வீதம், இரண்டு வேளை உணவில் பிரித்துக் கலந்து, குட்டி ஈன்ற நாள் முதல் பால் மறக்கும் வரை கொடுக்கலாம். மருத்துவர் கால்சியம் மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் இது தேவையில்லை.

அளவும் முக்கியம். மூன்றாவது, நான்காவது வாரங்களில் பால் உச்ச நிலையில் சுரக்கும். அப்போது தாய்க்கு வழக்கமான உணவைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு வரை தேவைப்படும். ஒரே வேளையில் அவ்வளவையும் தின்ன முடியாது. நாளைக்கு மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். குட்டிகளின் அருகிலேயே எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். குட்டிகளை விட்டு அகல மனமில்லாமல் தாகத்தோடே கிடக்கும் நாய்களும் உண்டு. தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும்.

மடிநோய்

நாய்க்குப் பொதுவாக ஐந்து இணைக் காம்புகள் உண்டு. பின்னங்கால் பக்கத்து மடிகளில்தான் பால் அதிகம். நோயும் அங்கேயே அதிகம் காணப்படுகிறது. குட்டிகளின் நகம் கீறியோ, பல் பட்டோ, ஈரமும் அழுக்குமான தரையிலிருந்தோ நுண்ணுயிர்கள் காம்பினுள் புகுகின்றன. நோய் கண்ட மடி சூடாகவும், கெட்டியாகவும், சிவந்தும் இருக்கும். தொட்டால் நாய் சீறும். குட்டிகளை அண்ட விடாது. அந்தக் காம்பைப் பிதுக்கினால் மஞ்சளாகவோ, இரத்தம் கலந்தோ, திரிந்தோ பால் வரும். காய்ச்சலும் உணவு வெறுப்பும் சேரும். குட்டிகள் பால் இன்றி ஓயாமல் கத்துவதும் ஓர் அடையாளமே.

தொடக்கத்தில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் நாளைக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுத்து, கெட்ட பாலை மெல்லப் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இன்றியமையாதது. ஆனால், தாய் உண்ணும் மருந்து பால் வழியே குட்டிக்கும் போகும். மாட்டுக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் குட்டிகளின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் மருந்தாக அது இருந்துவிடக் கூடும். மடி கருத்தாலோ, கட்டி உடைந்து சீழ் வந்தாலோ குட்டிகளை உடனே பிரித்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை குட்டிகளின் நக நுனியை மட்டும் நகவெட்டியால் வெட்டிவிடுவது மிக எளிய தடுப்பு முறை. படுக்கைச் சாக்கை நாள்தோறும் மாற்றி வெயிலில் போடுவது மற்றொன்று.

குட்டிகள் இறந்தபின் மடி கட்டிக்கொண்டு கெட்டியாவது வேறு. அதில் காய்ச்சல் இராது, பாலும் வெள்ளையாகவே இருக்கும். அப்போது பீய்ச்சிக் கொண்டே இருந்தால் மேலும் சுரக்கும். உணவைக் குறைத்துவிட்டால் சில நாட்களில் வற்றிவிடும்.

கருப்பை அழற்சி

குட்டி ஈன்றதும் வரும் தீட்டு முதலில் கரும்பச்சையாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நாய்க்கு அது இயல்பு. பிறகு செம்பழுப்பாக மாறி, நாளடைவில் குறைந்து, சில வாரங்களில் நின்றுவிடும். அதில் துர்நாற்றம் இராது. முதல் இரண்டு மூன்று நாட்கள் உடல் வெப்பம் ஒரு டிகிரி வரை கூடியிருப்பதும் இயல்பே.

கவனிக்க வேண்டியது நாற்றத்தை. நஞ்சுக்கொடியோ, இறந்த குட்டியோ உள்ளே தங்கிவிட்டால், பெரும்பாலும் முதல் வாரத்திலேயே அழுகிய நாற்றத்துடன் கழிவு வெளியேறும். நாய் காய்ச்சலுடன் சுருண்டு படுக்கும், தின்னாது, குட்டிகளைக் கவனிக்காது. நஞ்சு இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. இதில் வீட்டு வைத்தியத்திற்கு இடமில்லை. கருப்பையைக் கழுவுகிறோம் என்று பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் செலுத்துவது புண்ணை ஏற்படுத்தும். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி உண்டு. தாய் அவற்றைத் தின்றுவிடுவதால் எண்ணுவது கடினம். முடிந்தவரை எண்ணி வைத்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

தலை ஈற்று நாய்கள் சிலவற்றில், வேறு நோய்க்குறி ஏதுமின்றி, ஆறு வாரத்திற்குப் பிறகும் சொட்டுச் சொட்டாக இரத்தம் கசிவதுண்டு. நாய் தெம்பாக இருந்தால் பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஒருமுறை காட்டிவிடுவது போதும்.

பால் போதாமையும் குடற்புழுவும்

குட்டிகளுக்குப் பால் போதுமா என்பதைத் தராசே சொல்லும். கடைத் தராசில் நாள்தோறும் நிறுத்துப் பாருங்கள். தன் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை தினமும் கூடினால் கவலையில்லை. கூடாத குட்டியைப் பால் அதிகமுள்ள பின்மடியில் பிடித்து விட வேண்டும்.

தாயின் உடலில் உறங்கும் உருண்டைப் புழுக்களின் இளம் புழுக்கள் சினையிலேயும், பால் வழியாகவும் குட்டிகளைச் சென்றடைகின்றன. குட்டி பானை வயிற்றுடன் இளைத்துப் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இரண்டாவது வார முடிவிலிருந்து இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, மூன்று மாதம் வரை, குட்டிகளுக்கும் அவற்றுடன் தாய்க்கும் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். இப்புழு மனிதரையும், குறிப்பாக மண்ணில் விளையாடும் குழந்தைகளையும் தொற்றக் கூடியது.

பால் மறக்கடித்தல்

மூன்று வாரம் கழிந்ததும் குட்டிகளுக்குக் கேழ்வரகுக் கூழில் பால் கலந்து தட்டில் வைத்துப் பழக்கினால் தாயின் சுமை பாதியாகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முழுதுமாகப் பிரிக்கலாம். பிரிக்கும் நாளன்று தாய்க்கு உணவு கொடுக்காமல் தண்ணீர் மட்டும் வையுங்கள். மறுநாள் வழக்கமான உணவில் கால் பங்கு, அடுத்த நாள் அரைப் பங்கு, அதற்கடுத்த நாள் முக்கால் பங்கு என்று கூட்டி ஐந்தாம் நாள் முழு அளவுக்கு வந்தால் மடி கட்டாமல் பால் வற்றும்.

நாய் ஆண்டுக்கு இருமுறை பருவத்திற்கு வரும். ஒவ்வொரு முறையும் சினைப்படவிட்டால் உடல் தேறாது. இசிவு கண்ட நாயாயின் அடுத்த பருவத்தைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இனி குட்டி வேண்டாம் எனில், பால் வற்றியபின் கருத்தடை அறுவை செய்து கொள்ளலாம். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும், முடிந்தால் இணை சேர்க்கும் முன்பே போட்டுவிடுங்கள். குட்டிகளுக்கு மூன்று மாதம் முடிந்ததும் போட வேண்டும். தடுப்பூசி அட்டையைக் குட்டி ஈன்ற தேதியையும் குட்டிகளின் எண்ணிக்கையையும் குறித்துப் பத்திரமாக வைத்திருந்தால், நள்ளிரவில் நாய் நடுங்கி விழும்போது மருத்துவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை கையிலேயே இருக்கும். மருந்தகம் தொலைவிலிருந்தால் 1962 என்ற எண்ணில் அழைத்து, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உங்கள் ஊருக்கு வருமா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக் கொள்ளுங்கள்.